மொட்டை மாடி ஒழுகுது: நாமளே பாத்துக்கலாமா, ஆள் வெச்சு பண்றதா?

தாம்பரம்வாசி

எல்லாருக்கும் வணக்கம். வீடு தாம்பரம் பக்கம், 2004ல அப்பா கட்டினது, கீழ ஒண்ணு மேல ஒண்ணு, மொட்டை மாடி ஒரு 800 சதுரடி வரும். போன வருஷ மழையில இருந்து மேல் ரூம் சீலிங் மூலையில ஓதம் அடிக்க ஆரம்பிச்சுது, இப்ப பெயிண்ட் பொரிஞ்சு உதிருது, மஞ்சக் கறை ஃபேன் கொக்கி வரைக்கும் வந்துருச்சு. ரெண்டு பேரை கூப்பிட்டு காமிச்சேன். ஒருத்தர் மேல ஏறி ஒரு சுத்து சுத்திட்டு மொத்த மாடிக்கும் கோட்டிங் அடிக்கணும், சதுரடிக்கு 90 ரூபா, 72,000 ஆகும், பத்து வருஷம் கேரண்டின்னு சொல்லிட்டு போயிட்டார். இன்னொருத்தர் மேல பதிச்ச தட்டோட்டை எல்லாம் பேத்துட்டு தளமே புதுசா போடணும்ங்கிறார், அது இதை விட ரெண்டு மடங்கு. யூடியூப்ல பாத்தா ஒரு பக்கெட் வாங்கி ரோலர்ல அடிச்சு ஒரே நாள்ல முடிக்கிறாங்க. வீட்டுல டேப் மாத்துறது, ஷெல்ஃப் மாட்டுறது எல்லாம் நான்தான் பண்றேன், அதனால இதையும் பண்ணிடலாம்னு தோணுது, ஆனா அம்மா பயப்படுறாங்க. அக்டோபர் பாதியில மழை பிடிச்சுரும், அதுக்குள்ள முடிக்கணும். அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

வேளச்சேரி_தாத்தா

தம்பி, ஆள் வெச்சு பண்ணுங்க. 2015 டிசம்பர்லயும் 2023 மிக்ஜாம்லயும் இந்த ஏரியாவுல மழை எப்படி கொட்டுச்சுன்னு நேர்ல பாத்தவன் சொல்றேன், மாடி வேலையில மிச்சம் பிடிக்க நினைக்கக் கூடாது. நல்ல மேஸ்திரியா பாத்து ஒப்படைச்சுட்டு நிம்மதியா இருங்க. எனக்கு எழுபது தாண்டிருச்சு, ஸ்டூல் மேல ஏறி பல்பு கூட மாத்துறதில்ல, கீழ் வீட்டு பையன்தான் வந்து மாத்திக் குடுப்பான். வயசானவங்க ஏணி ஏறி விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சு படுத்தா அந்த செலவுக்கு முன்னாடி எந்த கூலியும் பெருசில்ல, இதைப் படிக்கிற என் வயசு ஆளுங்க தயவு செஞ்சு கேட்டுக்கோங்க.

சைட்_இன்ஜினியர்

72,000 குடுக்கறதா பக்கெட் வாங்குறதான்னு முடிவு பண்ண வேண்டிய நேரம் இன்னும் வரலை சார். தண்ணி எங்க இறங்குதுன்னு யாருமே இதுவரைக்கும் பாக்கலையே. வந்த ரெண்டு பேரும் சதுரடியை அளந்தாங்களே தவிர காரணத்தை தேடலை. நீங்க பண்ணாலும் சரி ஆள் வெச்சாலும் சரி, இந்த ஒரு வேலையை மட்டும் அடுத்தவங்க கையில விடாதீங்க. எங்க ஒழுகுதுன்னு உங்களுக்கே தெரியலைன்னா அவங்க சொல்றதுதான் வைத்தியம், அவங்க கேக்குறதுதான் விலை.

முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, கீழ கறை தெரியுற இடத்துக்கு நேர் மேலதான் ஓட்டை இருக்கும்னு கிடையாது. மேல தட்டோட்டு சந்துல இறங்குற தண்ணி அதுக்கு கீழ செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்ட சுருக்கித் தளத்துல ஊறி, வாட்டம் இருக்கிற பக்கமா நகந்து போயி, கான்கிரீட்ல எங்க விரிசல் கிடைக்குதோ அங்க தான் சொட்டும். பத்தடி தள்ளி கூட இருக்கலாம்.

சீலிங்ல கறையோட ஓரத்தை சுத்தி பென்சில்ல கோடு போட்டு தேதி எழுதி வைங்க. மழையே இல்லாத வாரத்துல கோட்டைத் தாண்டி வளந்தா அது மழைத் தண்ணி இல்ல, ஓவர்ஹெட் டேங்க் பைப்போ பக்கத்து பாத்ரூமோ கசியுது, அதுக்கு மாடியில கோட்டிங் அடிச்சு ஒரு பிரயோஜனமும் இல்ல. மழை பேஞ்சா மட்டும் வளருதுன்னா மேல போங்க. சுத்தியல் கைப்பிடியால ஒவ்வொரு தட்டோட்டையும் தட்டிப் பாருங்க, நல்லா ஒட்டியிருக்கிறது கெட்டியா சத்தம் குடுக்கும், அடியில விட்டுப் போனது டொப்புன்னு கேக்கும், அதுல சாக்பீஸ்ல ஒரு புள்ளி வைங்க. அப்புறம் கைப்பிடிச் சுவரும் தளமும் சேர்ற மூலை, டேங்க் நிக்கிற மேடைக் கால், டிஷ் ஆன்டெனாவுக்கு போல்ட் போட்ட இடம், மழைத்தண்ணி பைப் வாய். நான் பாத்த வீடுங்கள்ல பாதிக்கு மேல ஒழுகுறது இந்த ஓரங்கள்லதான், நடு மாடியில இல்ல.

கடைசியா தண்ணி தேக்கிப் பாக்குறது. மொத்த மாடிக்கும் வேணாம். சிமெண்ட் கலவையில சின்னதா பாத்தி கட்டி, சந்தேகமான ஒரு பகுதியில மட்டும் ரெண்டு இன்ச் தண்ணி நிறுத்தி ஒரு நாள் ரெண்டு நாள் விடுங்க, கீழ பென்சில் கோட்டை பாருங்க. வரலைன்னா அடுத்த பாத்தி. ரெண்டு இன்ச் தண்ணின்னா சதுர மீட்டருக்கு 50 கிலோ, ஆள் நடமாடுற மாடியை டிசைன் பண்றப்பவே 150 கிலோ கணக்கு வெச்சுதான் பண்ணுவோம், அதனால நல்லா இருக்கிற தளத்துக்கு இது பாரமே இல்ல. ஆனா சீலிங்ல கான்கிரீட் பேந்து உள்ள கம்பி தெரியுதுன்னா தண்ணியும் தேக்காதீங்க, நீங்களா சிமெண்ட் வெச்சு அடைக்கவும் செய்யாதீங்க. கம்பியில பிடிக்கிற துரு இரும்பை விட பல மடங்கு இடம் அடைச்சு உப்பும், மேல பூசினதையும் சேத்து தள்ளிட்டு விழும், கீழ யார் படுத்திருந்தாலும் ஆபத்து. அதுக்கு கண்டிப்பா ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வரணும்.

வயர்மேன்_கோவை

இன்ஜினியர் சாருக்கு முன்னாடியே இதை சொல்லியிருக்கணுமுங்க. கறை ஃபேன் கொக்கி வரைக்கும் வந்துருச்சுன்னு எழுதியிருக்கீங்க, இன்னிக்கே அந்த ரூம் லைட் ஃபேன் சர்க்யூட் எம்சிபியை, அதான் போர்டுல இருக்கிற அந்த டிரிப் சுவிட்சை, இறக்கி வெச்சுருங்க. ஸ்லாபுக்குள்ள வயர் போற பைப் கான்கிரீட் போடறப்பவே பதிச்சது, தண்ணிக்கு அதுதான் சொகுசான வழி. பைப்புக்குள்ள தண்ணி இறங்கி ஃபேன் பாக்ஸ்லயும் சுவிட்ச் போர்டுலயும் வந்து நிக்கிறதை நான் கழட்டிப் பாத்திருக்கேனுங்க. சுவிட்ச் போர்டு ஓரத்துல ஈரம், சுவத்துல கை வெச்சா சுருக்குன்னு இழுக்குது, இந்த ரெண்டுல எது இருந்தாலும் விளையாடாதீங்க.

உங்க வீட்ல ஆர்சிசிபி இருக்கான்னு பாருங்க, 2004 வீடுன்னா பெரும்பாலும் வெறும் எம்சிபி தான் இருக்கும். எம்சிபி காப்பாத்துறது வயரை, ஓவர்லோடு ஷார்ட் ஆனா விழும். ஆள் உடம்பு வழியா கரண்ட் போறப்ப விழறது 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி. அதுல டெஸ்ட் பட்டன்னு ஒண்ணு இருக்குமுங்க, மாசம் ஒரு தடவை அமுக்கி விழுதான்னு பாக்கணும்.

நீங்களே பண்ணுங்கன்னு நான் சொல்றதுன்னா ஃபேன் கண்டென்சர் மாத்துறது, சீலிங் ரோஸ் மாத்துறது, அதுவும் மெயினை இறக்கிட்டு டெஸ்டர்ல பாத்துட்டு. புதுசா பாயிண்ட் இழுக்கறது, ஏசி லைன், கீசர் லைன், இன்வெர்ட்டர் கனெக்ஷன், எர்த் குழி எல்லாம் லைசென்ஸ் உள்ள ஆள்தான் பண்ணணும்னு சட்டத்துலயே இருக்கு. லைட்டுக்கு போட்ட 1.5 ஸ்கொயர் எம்எம் வயர்ல கீசர் கொடுத்துட்டு எம்சிபி அடிக்கடி விழுதுன்னு பெரிய எம்சிபி மாத்தி வெச்ச வீட்டுக்கெல்லாம் போயிருக்கேனுங்க. வயர் சுவத்துக்குள்ளயே கருகி கெடக்கும், வெளிய ஒண்ணும் தெரியாது.

மதுரைக்காரி

எல்லாரும் ஆளைக் கூப்பிடுங்கன்னே சொல்றீங்க, மாத்து கருத்தா நானும் சொல்லிக்கிறேன். எங்க வீட்ல நானும் பிள்ளைகளும்தான், வீட்டுக்காரர் வெளியூர் வேலை. பிளம்பரைக் கூப்பிட்டா காலையில வர்றேன்பார், சாயங்காலம் போன் எடுக்க மாட்டார், வந்தாலும் வீட்ல சார் இல்லையாம்மான்னுதான் முதல்ல கேப்பாங்க, என்ன பிரச்சினைன்னு என்கிட்ட சொல்லவே மாட்டாங்க, மொத்தத்தையும் மாத்தணும்னு சொல்லிட்டு போயிருவாங்க. அதுலதான் நானே கத்துக்கிட்டேன்.

இப்ப டேப் ஒழுகினா நேரா மேல்மாடி கேட் வால்வை அடைச்சுருவேன், மிச்சத் தண்ணி வடியிற வரைக்கும் டேப்பை திறந்து விட்டு, தலையைக் கழட்டிப் பாத்தா பழைய டேப்புன்னா வாஷர் தேஞ்சிருக்கும், புது மாடல் கால் சுத்துல திறக்குறதுன்னா உள்ள கார்ட்ரிட்ஜ் போயிருக்கும். பழசை கையோட எடுத்துட்டு கடைக்குப் போயிரணும், பேரு தெரியணும்னு அவசியமில்ல, கடைக்காரர் பாத்தாலே எடுத்துக் குடுத்துருவார். டெஃப்ளான் டேப்பை மரை எந்தப் பக்கம் இறுகுதோ அந்தப் பக்கமாவே சுத்தணும், மாத்தி சுத்தினா முறுக்குறப்ப சுருண்டு வெளிய வந்துரும். இங்க உப்புத் தண்ணிங்கிறதால ஷவர் தலை அடைச்சுக்கும், ராத்திரி வினிகர்ல ஊறப்போட்டு காலையில ஊசி வெச்சு குத்தினா போதும்.

காசு மிச்சம்ங்கிறது ரெண்டாவதுதான். நானா ஒரு தடவை கழட்டி மாட்டிட்டேன்னா அடுத்த தடவை யாரும் என்னைய ஏமாத்த முடியாதுல்ல, அதுதான் எனக்கு முக்கியம். பொம்பளைங்க கண்டிப்பா கத்துக்கணும், தம்பி நீங்களும் உங்க அம்மாவுக்கு மெயின் சுவிட்ச் எங்க இருக்கு, தண்ணி வால்வு எங்க இருக்குன்னு முதல்ல காமிச்சுக் குடுங்க. சுவத்துக்குள்ள போற பைப்பு மட்டும் நான் தொட மாட்டேன்.

ஓஎம்ஆர்_டெவலப்பர்

எனக்கு இதெல்லாம் டைம் வேஸ்ட்டா தெரியுது. ஒரு சனி ஞாயிறு முழுக்க மாடியில நின்னு காயறதுக்கு அந்த நேரத்தை குடும்பத்தோட செலவு பண்ணலாம். நமக்கு தெரிஞ்ச வேலையில சம்பாதிச்சு, தெரிஞ்சவங்களுக்கு குடுத்து வேலை வாங்குறதுதான் நியாயம், அவங்களுக்கும் பொழப்பு. ஆப்ல புக் பண்ணா ஆள் வர்றாங்க, ரேட் முன்னாடியே தெரியுது, பேரம் பேசற சங்கடமும் இல்ல.

மதுரைக்காரி

நேரம்னு சொல்றீங்க, ஆள் வர்ற அன்னிக்கு நீங்க லீவு போட்டு வீட்ல இருக்கணுமே, அது எந்தக் கணக்கு? கூட நிக்காம விட்டு வேலை சரியில்லன்னா திரும்ப ஒரு லீவு. சின்ன வேலைக்கு ஆள் வந்து போற நேரத்துக்குள்ள நாமளே முடிச்சுரலாம். பெரிய வேலைக்கு நீங்க சொல்றதை ஒத்துக்கறேன்.

பெயிண்டர்_விழுப்புரம்

வணக்கம் அண்ணே, அக்கா. நான் பெயிண்டிங் வாட்டர்ப்ரூஃபிங் ரெண்டும் பண்றேன், எங்க பக்கத்தையும் சொல்லணும்னு எழுதுறேன். எல்லாரும் ஏமாத்துறாங்கன்னு பேசறப்ப கஷ்டமா இருக்கு. மாடிக்கு கோட்டிங்னா அடிக்கிறது கடைசி வேலை. பாசியை சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு தேச்சு, தண்ணி அடிச்சுக் கழுவி, காய விட்டு, விரிசலை கீறித் திறந்து அடைச்சு, மூலையில வலை ஒட்டி, பிரைமர், அதுக்கப்புறம்தான் ரெண்டு கோட்டு. ரோலர் எடுக்கறதுக்கு முன்னாடியே பாதிக் கூலி போயிருச்சு. வீட்டுக்காரங்க நாலு பேர்கிட்ட ரேட் கேட்டு குறைச்சலா சொல்றவனுக்குத்தான் குடுக்குறாங்க, அவன் எங்க குறைப்பான்? கழுவுறதுல குறைப்பான், பிரைமரை விட்டுருவான், ரெண்டு கோட்டுக்குத் தண்ணி ஊத்தி நீட்டுவான். தூசி மேல அடிச்ச கோட்டிங் அடுத்த வெயில்லயே அப்பளமா எழும்பும்.

ஓஎம்ஆர் அண்ணே, ஆப்ல வர்ற ரேட்டு முழுசா வேலை செய்யற ஆளுக்கு வராது, கமிஷன் போகும். நேர்ல தெரிஞ்ச ஆளை வருஷாவருஷம் கூப்பிட்டா அவனுக்கு உங்க வீடு தெரியும், ஒரு தப்பு வந்தாலும் ஓடி வருவான்.

இன்னொண்ணு, எங்களை மாதிரி பெயிண்டர், கொத்தனார், சித்தாள், பிளம்பர் எல்லாருக்கும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம்னு 1994ல இருந்தே இருக்கு. 18ல இருந்து 60 வயசு வரைக்கும் பதியலாம், விபத்து உதவி, பிள்ளைங்க படிப்புக்கு உதவி, 60க்கு மேல பென்ஷன் எல்லாம் வரும். நிறைய பேர் பதியாமலே இருக்காங்க. உங்க வீட்டுக்கு வேலைக்கு வர்றவங்ககிட்ட கார்டு இருக்கான்னு கேளுங்க, இல்லைன்னா பதியச் சொல்லுங்க. வெளிச் சுவர்ல சாரம் கட்டி ஏறுறப்ப இடுப்புக் கயிறு கேட்டா எக்ஸ்ட்ரா செலவுன்னு பாக்காதீங்க.

நாகர்கோவில்_டீச்சர்

இரண்டாவது ஆள் ஓட்டைப் பேத்து தளத்தை எடுக்கணும்னு சொன்னதைப் பத்தி ஒரு விஷயம். பழைய சுருக்கி தளத்தை அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். அந்தக் காலத்துல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவெச்ச தண்ணியைத் தெளிச்சு, பெண்கள் வரிசையா உக்காந்து மரக்கட்டையால நாள் கணக்கா அடிப்பாங்க. எங்க பாட்டி வீட்டுல அப்பிடிப் போட்ட தளம் இன்னும் இருக்கு, கீழ ரூமில சித்திரை மாசத்துலயும் அனல் தெரியாது. 2004 வீட்டுல அந்த அளவுக்கு அடிச்சிருக்க மாட்டாங்க, ஆனாலும் மூணு இன்ச் சுருக்கி வெயிலைத் தடுக்குது, வாட்டமும் அதுலதான் இருக்கு. அதை எடுத்துட்டு வெறும் கான்கிரீட்ல கோட்டிங் அடிச்சா ஒழுகல் நிக்கலாம், வீடு அடுப்பா கொதிக்கும். எடுத்தே ஆகணும்னா திரும்பப் போடறதுக்கும் சேர்த்து ரேட் பேசுங்க, ரப்பீஸை யார் அள்ளிக் கொண்டு போறதுன்னும் கேட்டுக்கோங்க.

சைட்_இன்ஜினியர்

டீச்சர் சொன்னது ரொம்ப சரி. வாட்டம் எவ்வளவு இருக்குன்னும் பாருங்க, பத்தடிக்கு ரெண்டு இன்ச் இருந்தா நல்லது. மழை விட்ட பிறகு எங்கெல்லாம் தண்ணி தேங்கி நிக்குதுன்னு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, மேஸ்திரிகிட்ட வாதாட அது உதவும்.

தாம்பரம்வாசி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வயர்மேன் அண்ணன் சொன்ன அன்னிக்கே அந்த சர்க்யூட்டை இறக்கிட்டேன், ஆர்சிசிபி இல்லை, எங்க ஏரியா எலக்ட்ரீஷியன் இந்த வாரம் வந்து போடறார். பென்சில் கோடு மழை இல்லாதப்ப நகரவே இல்ல. ஓடு தட்டிப் பாத்ததுல டொப்புன்னு கேட்டது கைப்பிடிச் சுவர் ஓரமா ஒரு வரிசை, மீதி கெட்டியாதான் இருக்கு. பாத்தி கட்டி நடு மாடியில தண்ணி விட்டேன், ஒண்ணும் வரலை. மழைத்தண்ணி பைப் வாயைச் சுத்தி விட்டப்ப ராத்திரிக்குள்ள கோட்டைத் தாண்டிருச்சு. பைப்புக்கும் தளத்துக்கும் நடுவுல விரல் நகம் போற அளவு சந்து இருக்கு, மேல யாரோ எப்பவோ சிமெண்ட் பூசி அது தனியா வில்லையா கழண்டு வந்துருச்சு. இதை நானே பண்ணலாம்னு நினைக்கிறேன், எப்படி பண்ணணும்?

சைட்_இன்ஜினியர்

பண்ணலாம். கைக்கு எட்டுற இடம், பக்கத்துல நின்னு பாக்க முடியும், சரி வரலைன்னா திரும்ப எடுத்துட்டு பண்ண முடியும், உயிருக்கு ஆபத்தில்ல. நான் எந்த வேலைக்கும் இதைத்தான் பாப்பேன்.

சந்துல சிமெண்ட் நிக்காததுக்கு காரணம், பிளாஸ்டிக் பைப் வெயிலுக்கு விரியற அளவும் கான்கிரீட் விரியற அளவும் வேற வேற. நடுவுல இறுகிப் போற எதை வெச்சாலும் விட்டுப் போயிரும், ரப்பர் மாதிரி இழுபடறதுதான் வேணும். பைப்பைச் சுத்தி ஒரு இன்ச் ஆழத்துக்கு உளியால மெதுவா எடுங்க, பைப்பை உடைச்சுராதீங்க. கம்பி பிரஷ் போட்டு தூசியை ஊதி எடுத்து நல்லா காய விடுங்க. அதுல வெளியில வெயில் தாங்குற பியூ (பாலியூரித்தேன்) சீலன்ட்டை அதுக்குன்னு உள்ள சீலன்ட் துப்பாக்கியில வெச்சு அடியில இருந்து காத்து இல்லாம நிரப்புங்க, மேல விரலால தடவி மூடறது மட்டும் போதாது. அது ஆறினதும் பைப் வாயைச் சுத்தி உள்ள தட்டோட்டைக் கழட்டி, லேடெக்ஸ் கலந்த சிமெண்ட் கலவையில பைப்பை நோக்கி சரிவா பூசுங்க, ரெண்டு மூணு நாள் ஈரம் காட்டுங்க. கடைசியில கோட்டிங், நடுவுல ஃபைபர் வலை வெச்சு, பைப் வாய்க்குள்ளயும் கொஞ்சம் இறங்கற மாதிரி. முதல் கோட் ஒரு திசைன்னா ரெண்டாவது அதுக்கு குறுக்க.

வாங்குறப்ப டப்பாவைப் படிங்க. அக்ரிலிக், பியூ வகைக்கு தளம் நல்லா காஞ்சிருக்கணும், சிமெண்ட்டோட கலந்து அடிக்கிற ரெண்டு பாகம் வகைக்கு தளத்தை நனைச்சுட்டு தேங்கின தண்ணியைத் துடைச்சுட்டு அடிக்கணும். இதை மாத்திப் பண்றதாலதான் நிறைய பேருக்கு உரிஞ்சு வருது. உச்சி வெயில்ல அடிக்காதீங்க, காலையில சீக்கிரமோ நாலு மணிக்கு மேலயோ. எல்லாம் ஆறினதுக்கப்புறம் திரும்ப பாத்தி கட்டி தண்ணி விட்டுப் பாருங்க.

சுவர் ஓரமா டொப்புன்னு கேட்ட வரிசைக்கு மட்டும் ஒரு கொத்தனாரையும் சித்தாளையும் கூப்பிடுங்க. தட்டோட்டை எடுத்து, மூலையில சுவர் மேல அரையடி வரைக்கும் வளைவா கலவை பூசி, ஓட்டைத் திரும்பப் பதிக்கணும். மட்டம் பாத்து வாட்டம் கெடாம பதிக்கிறது பழகின கை பண்ற வேலை. கூலிக்குப் பேசுங்க, பொருள் நீங்களே வாங்கிக் குடுங்க.

பெயிண்டர்_விழுப்புரம்

அண்ணே, மேல சரி பண்ண உடனே உள்ள சீலிங்கை பட்டி வெச்சு அடிச்சுராதீங்க. உள்ள ஊறின தண்ணி வெளிய வர மாசக்கணக்காகும். பொரிஞ்சதை மட்டும் சுரண்டிட்டு, உப்பு பூத்திருந்தா காய்ஞ்ச பிரஷ்ல தட்டி எடுத்துட்டு, மூச்சு விட அப்படியே விட்டுருங்க. மழை முழுசா போயி தை மாசி வெயில் கொஞ்சம் ஏறட்டும். ஒரு பிளாஸ்டிக் கவரை டேப் போட்டு ஒட்டி மறுநாள் பாருங்க, உள்பக்கம் வேர்த்திருந்தா இன்னும் ஈரம் இருக்கு. வேர்க்கலைன்னா பிரைமர், பட்டி, உப்புத்தாள், எமல்ஷன்னு போங்க. அசிங்கமா இருக்கேன்னு தீபாவளிக்கு அடிக்கச் சொல்றவங்கதான் பொங்கலுக்கு திரும்ப கூப்பிடுறாங்க.

ஆவடி_ராணி

நடுவுல கேக்குறேன், தப்பா நினைக்காதீங்க. எங்க வீட்டு செப்டிக் டேங்க் நிரம்பிருச்சு, லாரி எங்க சந்துக்குள்ள வராதுன்னு சொல்லி, தெரிஞ்ச ஒருத்தர் 3,000 குடுங்க நானே இறங்கி அள்ளிடறேன்ங்கிறார். குடுக்கலாமா?

சைட்_இன்ஜினியர்

வேணாம் மேடம். தயவு செஞ்சு யாரையும் இறக்காதீங்க. 2013 சட்டப்படி செப்டிக் டேங்குக்குள்ள பாதுகாப்பு இல்லாம ஆளை இறக்குறது குற்றம், இறக்கச் சொன்ன வீட்டுக்காரருக்கும் முதல் தடவையே ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், ரெண்டு லட்சம் வரைக்கும் அபராதம் வரலாம். இப்படி இறந்தவங்க குடும்பத்துக்கு 30 லட்சம் குடுக்கணும்னு 2023 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. சட்டத்தை விடுங்க, உள்ள இருக்கிறது ஹைட்ரஜன் சல்பைடு. கொஞ்சமா இருந்தா அழுகின முட்டை நாத்தம் வரும், அதிகமா இருந்தா மூக்கு மரத்துப் போயி நாத்தமே தெரியாது, ரெண்டு மூச்சுல ஆள் சாஞ்சுருவார், தூக்கப் போறவரும் சாவார். ஒவ்வொரு வருஷமும் நம்ம ஊர்ல இந்த செய்தி வருது, படிக்கிறப்ப வயிறு எரியுது.

14420க்கு போன் பண்ணுங்க, அதுக்குன்னே உள்ள நம்பர். லாரி தெரு முனையில நின்னாலும் நீளமான ஹோஸ் போட்டு இழுக்க முடியும், சின்ன வண்டிகளும் இருக்கு. நிரம்பி வழியற வரைக்கும் விடாம ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்துருங்க.

ஆவடி_ராணி

இவ்வளவு ஆபத்துன்னு சத்தியமா தெரியாது சார். அவருக்கும் ரெண்டு குழந்தைங்க. இப்பவே வேணாம்னு சொல்லிடறேன்.

ஓஎம்ஆர்_டெவலப்பர்

படிச்சுட்டு வர்றேன், நிறைய யோசிக்க வெக்குது. ஆள் வெக்கிறப்ப என்னல்லாம் எழுதி வாங்கணும்? நான் இதுவரைக்கும் எல்லாம் வாய்ப் பேச்சுதான்.

வேளச்சேரி_தாத்தா

தம்பி, ஒரு வெள்ளைத் தாள் போதும். என்ன வேலை, எந்த இடம், என்ன பொருள், அதோட முழுப் பேரு, எத்தனை கோட், பொருள் யார் வாங்குறது, எத்தனை நாள்ல முடிக்கிறது, ரப்பீஸ் யார் எடுக்கிறது. ரெண்டு பேரும் கையெழுத்து. அட்வான்ஸ் மொத்தமா குடுக்காதீங்க, பொருள் வந்து இறங்கினதும் ஒரு பங்கு, பாதி வேலையில ஒரு பங்கு, கடைசிப் பங்கை தண்ணி தேக்கிப் பாத்துட்டு. அதே மாதிரி வேலை முடிஞ்சு சரியா இருந்தா அன்னிக்கே கணக்கை முடிங்க, நாளைக்கு வா நாளான்னைக்கு வான்னு இழுக்காதீங்க, அவர் வாரக் கடைசியில ஆளுங்களுக்கு கூலி குடுக்கணும். பத்து வருஷம் கேரண்டின்னு சொன்னா கேரண்டி குடுக்கறது கம்பெனியா இவரான்னு கேளுங்க, கம்பெனின்னா அவங்க பேர்ல காகிதம் இருக்கணும். மதியம் ஒரு டீ வாங்கிக் குடுத்து பக்கத்துல உக்காந்து என்ன பண்றீங்கன்னு கேளுங்க, நல்ல வேலைக்காரர் சந்தோஷமா சொல்லுவார். நாப்பது வருஷமா நான் எல்லாத்துக்கும் ஆள்தான் வெக்கிறேன், ஆனா கூட நிக்காம ஒரு வேலையும் நடந்ததில்ல.

புதுவீடு_திருச்சி

நாங்க இப்பதான் அபார்ட்மெண்ட்ல குடி போயிருக்கோம். மதுரை அக்கா, வீட்ல என்னென்ன சாமான் வாங்கி வெச்சுக்கணும்? கர்ட்டன் ராடு மாட்டப் போனா சுவர்ல ஸ்க்ரூ பிடிக்கவே மாட்டேங்குது, பவுடரா கொட்டுது.

மதுரைக்காரி

வெள்ளைப் பவுடரா லேசா கொட்டுதுன்னா அது ஏஏசி பிளாக்னு லேசான கான்கிரீட் கல்லு வெச்ச சுவர்ம்மா, செங்கல் இல்ல. சாதா பிளக் அதுல நிக்காது, அதுக்குன்னு மரை வெச்ச நைலான் ஆங்கர் தனியா வருது, ஏஏசி பிளாக்குன்னு சொல்லிக் கேளு. துளை போடறப்ப ஹேமர் மோடை ஆஃப் பண்ணிட்டு வெறும் சுத்துல போடு, இல்லைன்னா துளை அகலமாயிரும். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலயும் நேர் கீழயும் துளையே போடாத, வயர் அந்த வழியாத்தான் போகும்.

சாமானுக்கு பெரிய செட்டு பெட்டி வேணாம். ஒரு அட்ஜஸ்டபிள் ஸ்பானர், கட்டிங் பிளேயர், பிளஸ் மைனஸ் ஸ்க்ரூ டிரைவர், டெஃப்ளான் டேப், இன்சுலேஷன் டேப், ஒரு சின்ன ரசமட்டம், அளவு டேப், டெஸ்டர். டிரில் அவசரப்பட்டு வாங்காத, பக்கத்து வீட்ல ஒண்ணு இருக்கும், ஸ்பானர்லயும் டெஸ்டர்லயும் மட்டும் மலிவு பாக்காத.

வயர்மேன்_கோவை

அக்கா சொன்னதோட ஒண்ணு சேத்துக்கங்கம்மா. டெஸ்டர்ல லைட் எரியலைன்னா கரண்ட் இல்லைன்னு நம்பிராதீங்க, டெஸ்டரே செத்துப் போயிருக்கலாம். கரண்ட் இருக்குன்னு நிச்சயமா தெரிஞ்ச ஒரு பிளக்ல முதல்ல வெச்சு எரியுதான்னு பாருங்க, அப்புறம் வேலை செய்யப் போற இடத்துல பாருங்க, திரும்ப அந்த பிளக்லயே வெச்சு இன்னும் எரியுதான்னு பாத்துட்டு அதுக்கப்புறம் கை வைங்க. மெயினை இறக்கியிருந்தா தெரிஞ்ச பிளக்ல கரண்ட் இருக்காதுங்கிறதால, வேலை செய்யற சர்க்யூட்டு எம்சிபியை மட்டும் இறக்கிட்டு இதைப் பண்ணுங்க, எல்லாம் பாத்து முடிச்சதும் மெயினையும் இறக்கிருங்க. கால்ல ரப்பர் செருப்பு, கை காய்ஞ்சிருக்கணும், வீட்ல இன்னொரு ஆள் இருக்கணுமுங்க.